வெளிச்சம் சமமாகும் நேரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆப்பரேட்டர்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். ஒயர்லெஸ் செட்டைப் பற்றி எழுதப் போவதில்லை. நான் கையாண்ட செட்டுகள் இப்போது ஸ்டோரில் தூசி படிந்து கிடக்கின்றன; அவற்றால் உங்களுக்குப் பயன் இல்லை. இருபத்தாறு வருட சர்வீஸில் நான் செய்த தவறுகளில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மற்றத் தவறுகளுக்கெல்லாம் மெமோ வந்தது. இந்த ஒன்றுக்குப் பாராட்டு வந்தது. அதனால் நானே சொன்னால்தான் உண்டு.

கப்பலில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இங்கே அந்தமானில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. நாம் கையில் கட்டியிருப்பது மெயின்லேண்டின் நேரம். சூரியன் அதற்கு முக்கால் மணி முன்னால் ஓடுகிறது. ஆனி மாதத்தில் ஐந்தே முக்காலுக்கு மறைவது, கார்த்திகையில் ஐந்து மணி அடிப்பதற்குள் எதிர்க்கரைக் காட்டுக்குப் பின்னால் போய்விடும். இதை நான் தினமும் டைரியில் குறித்து வந்தேன். சூரியன் மறைந்த நேரம், காற்றின் திசை, மழை, சாப்பாடு, கடிதம், யார் வந்தார், என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கும். அப்படிக் குறித்தவனுக்குத்தான் அது புரியவில்லை.

அறுபதுகளின் நடுவில் நான் நடு அந்தமானில் லாங் ஐலண்டில் ஒயர்லெஸ் நிலையப் பொறுப்பாளனாக இருந்தேன். மரம் ஏற்றும் ஜெட்டி, வனத்துறை ரேஞ்சர் ஆபீஸ், டிஸ்பென்சரி, தொழிலாளர் லைன்கள், மேட்டில் எங்கள் அறை. பத்து நாளைக்கு ஒரு கப்பல். கடிதமும் அதில்தான், காய்கறியும் அதில்தான். நிலையத்தில் இரண்டே ஆப்பரேட்டர்கள். போர்ட் பிளேர் கண்ட்ரோலோடு பேச வேண்டிய குறித்த நேரத்தை ஸ்கெட்யூல் என்றும், ஒவ்வொரு நிலையமும் லாஞ்சும் தன்னை அறிவிக்கும் அடையாள எழுத்துகளைக் கால்சைன் என்றும் சொல்வோம். காலை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, மாலை ஐந்து. ஒவ்வொன்றும் அரை மணி. ஒரு வாரம் ஒருவர் காலையும் மத்தியானமும் பார்ப்பார், மற்றவர் மாலையும், எஞ்சின் போட்டு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதையும் பார்ப்பார். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம். அந்த ரோஸ்டர் நான் போட்டது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஆனியில் வந்த கப்பலில் பேச்சிமுத்து இறங்கினார். தென்காசிப் பக்கத்துக்காரர். என்னைவிட மூன்று வயது சிறியவர், கல்யாணம் ஆகவில்லை. அதற்கு முன் நிக்கோபார் பக்கம் ஒரு சிறிய நிலையத்தில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். கை சுத்தமான கை. அவர் மோர்ஸ் கீ அடித்தால் கண்ட்ரோலில் இருப்பவர்கள் திரும்பக் கேட்க மாட்டார்கள். வேலை நேரத்தில் வேலை, மற்ற நேரத்தில் சமையல், கொஞ்சம் கேலி. அவர் வைக்கும் புளிக்குழம்புக்காகவே ரேஞ்சர் மேடேறி வருவார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொழுது சாயும்போது தன் அறைக்குள் போய், ஒரு சாண் உயரமுள்ள பித்தளை விளக்கை ஏற்றிவைத்து, சுவரைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்காருவார். இருபது நிமிடம். மூச்சு வெளியே போகும்போதெல்லாம் முருகன் பெயரை உதடு அசையச் சொல்வார். ஊதுபத்தி இல்லை, படம் இல்லை, பாட்டு இல்லை. முடித்து வந்ததும் அரிசி களைய ஆரம்பித்துவிடுவார். அப்போது மாலை ஸ்கெட்யூல் ஐந்தரைக்கு முடியும், சூரியன் ஐந்தே முக்காலுக்கு மறையும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

நான் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விபூதி பூசுவேன், கோயில் இருந்தால் போவேன். அதற்கு மேல் இல்லை. கண்ணை மூடி உட்காருவது வேலை இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். மனதைக் கட்ட ஒழுங்கான தினசரி போதும் என்பது என் கட்சி.

புரட்டாசியில் ஒரு நாள் மத்தியான ஸ்கெட்யூல் முடிந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவர் என்னிடம் வந்தார்.

"சார், மூணு வாரமா பாக்கேன். பொழுது முன்னுக்கு வந்துக்கிட்டே இருக்கு. அடுத்த வாரம் எனக்குச் சாயங்கால முறை. சரியா ஸ்கெட்யூலுக்குள்ள விழுந்திரும். காலையும் மத்தியானமும் மொத்தமா நான் பாத்துக்கிடுதேன். எஞ்சினும் நானே போடுதேன். சாயங்காலத்தை மட்டும் நீங்க எடுத்துக்கிடுங்க."

ஊரில் எத்தனை மணிக்கு விளக்கு ஏற்றுவது வழக்கம் என்று கேட்டேன். ஆறு, ஆறே கால் என்றார். அப்படியானால் இங்கேயும் ஆறு மணிக்கே ஏற்றலாமே, ஸ்கெட்யூல்தான் ஐந்தரைக்கு முடிந்துவிடுகிறதே என்றேன்.

"மணி கணக்கு இல்ல சார். பொழுதுதான் கணக்கு."

"கடிகாரம் அங்கேயும் இங்கேயும் ஒண்ணுதானே?"

சிரித்தார். "சூரியன் நம்ம இலாகா ஆளு இல்லையே சார், ரோஸ்டர்ல போட."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். விளக்கை ஏற்றும்போது அறைக்குள் பகல் வெளிச்சம்தான் அதிகம் இருக்கும். சுடர் இருப்பதே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே குறையும், சுடர் சுவரில் தெரிய ஆரம்பிக்கும். ஒரு நேரத்தில் இரண்டும் சமமாக நிற்கும். அது நான்கைந்து மூச்சுதான். "அந்த நாலு மூச்சுக்காகத்தான் சார் உக்காருதேன். அப்போ தலைக்குள்ள ஒரு சத்தமும் இருக்காது. அது கிடைச்சிட்டா ராத்திரி தூங்கிருவேன். இருட்டுனதுக்கு அப்புறம் ஏத்துனா வெளக்கு மட்டும் தனியா நிக்கி. எனக்கும் தனியாத்தான் இருக்கு."

தலைக்குள் என்ன சத்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரோஸ்டர் இருவருக்கும் பொது, இன்று விளக்குக்காக மாற்றினால் நாளை வேறொருவர் வேறொன்றுக்காகக் கேட்பார், வேலையையும் பக்தியையும் ஒன்றாகக் கட்டக்கூடாது என்று சொன்னேன். வேறொருவர் யார்? அந்த நிலையத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் ஹெட்போனை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு, "சரி சார், ஆறு மணிக்கே பாக்கேன்" என்று போய்விட்டார்.

அன்றைய என் டைரியில் இருக்கும் வரி இது: "பே. ரோஸ்டர் மாற்றம் கேட்டார். காரணம் கூறி மறுத்தேன். ஏற்றுக்கொண்டார்."

அடுத்த இரண்டரை மாதத்தில் நடந்ததை நான் நினைவிலிருந்து எழுதவில்லை, டைரியைப் பார்த்து எழுதுகிறேன். பேச்சிமுத்துவின் மாலை வாரம்: "பே. இரவு தூங்கவில்லை என்றார். இருமுறை எழுந்து எஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடவில்லை." அடுத்த வாரம், காலை முறை: "பே. நன்றாக இருக்கிறார். மீன் குழம்பு. ரேஞ்சர் வந்தார்." அதற்கடுத்த வாரம்: "பே. மழையில் ஜெட்டிக்குப் போய்த் தலையைச் சாய்த்தபடி நின்றிருந்தார். கால்சைன் கேட்டதாகச் சொன்னார். தவளைச் சத்தம் என்று சொல்லி அழைத்து வந்தேன்." மறுவாரம்: "பே. கலகலப்பு." இப்படி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், கோடு போட்டதுபோல் பத்து வாரம். நேரம் உட்பட எழுதியிருக்கிறேன். எழுதியவன் அதைத் திருப்பிப் படிக்கவில்லை.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் பிஷன்தாஸ் இங்கேயே பிறந்தவர். கைதிகள் காலத்தில் வந்த குடும்பம், நான்காவது தலைமுறை. எங்கள் ஆட்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார். ஐப்பசியில் ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தி, பேச்சிமுத்து தூக்க மாத்திரை கேட்டு வந்ததாகச் சொன்னார். மாத்திரை கொடுத்தேன், ஆனால் அது மருந்து இல்லை என்றார்.

"ஒயர்லெஸ் பாபு, அவன் விளக்கை அவன்கிட்ட விடு. உஸீ சே டீக் ரஹ்தா ஹை. அதுலதான் அவன் நல்லா இருக்கான்."

நிலையத்தின் உள்விவகாரம் அது என்றேன். அவர் என் கையில் இருந்த பதிவேட்டைப் பார்த்தார். "அச்சா. இதுக்கு ஜுரம் வந்தா மட்டும் என்கிட்ட கொண்டு வா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதையும் டைரியில் எழுதினேன், "கம்பவுண்டர் மரியாதைக் குறைவாகப் பேசினார்" என்று.

கார்த்திகைக் கடைசியில் வடகிழக்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் பேச்சிமுத்துவின் மாலை முறை. ஐந்தரைக்கு ஸ்கெட்யூல் முடிந்தது. ஐந்து நாற்பதுக்கு அவர் மெசேஜ் ஃபாரத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. ஒரு லாஞ்ச், எஞ்சின் நின்றுவிட்டது, ஆறு பேர், தீவுக்கு வடகிழக்கே அலையில் அடித்துச் செல்லப்படுகிறோம், உதவி தேவை. நேரம் பதினேழு முப்பத்தைந்து.

நான் ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். இடிச்சத்தம் தவிர ஒன்றும் இல்லை. கண்ட்ரோலைக் கூப்பிட்டேன், பதில் கிடைக்கவில்லை. அந்த வானிலையில் கிடைக்காததில் ஆச்சரியமும் இல்லை. வெளியே முழு இருட்டு. ரேஞ்சர் மேடேறி வந்து, "நிச்சயம்தானா? இந்தக் காத்துல என் ஆளுங்களை அனுப்பணும்" என்றார்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த நிமிடம். என் முன்னால் ஒரு தாளும் ஒரு மனிதரும் இருந்தார்கள். மனிதர் சுவரோரம் நின்றிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஹெட்போன் இல்லாமலே எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பத்து வாரமாக நான் எழுதிவந்த தலைச்சாய்வு அது. நான் அவரைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தேன். "லாக் புக்கில் ஏறியிருக்கிறது" என்று ரேஞ்சரிடம் சொன்னேன்.

ரேஞ்சரின் லாஞ்ச் தேடப் போனது. அதை ஓட்டும் சாரங்கும் மூன்று பேரும். பேச்சிமுத்து ஜெட்டியில் மழையில் நின்றார். நான் கண்ட்ரோலைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்குப் பிறகு தொடர்பு கிடைத்தது. அப்படி ஒரு லாஞ்ச் எந்தத் துறைமுகத்திலிருந்தும் புறப்படவில்லை, எல்லாம் கட்டியிருக்கின்றன, மெசேஜை மறுபடி சரிபார் என்று பதில் வந்தது. எட்டரைக்குத் தேடப் போனவர்கள் திரும்பினார்கள். ஜெட்டியில் அணையும்போது அலை தூக்கி அடித்ததில் சாரங்கின் இடது மணிக்கட்டு முறிந்தது. நான்கு பேரும் உயிரோடு வந்தார்கள் என்பதை இன்றுவரை என் கணக்கில் பெரிய கருணையாக வைத்திருக்கிறேன்.

டிஸ்பென்சரியில் சாரங்கின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பிஷன்தாஸ் எனக்குச் சொன்னார். பேச்சிமுத்துவின் முந்தைய நிலையத்தில் அப்படி ஒரு லாஞ்ச் நிஜமாகவே கடலோடு போனது. ஆறு பேர். இதே வாசகம். அவர் அதை வாங்கி, உடனே அனுப்பினார். கடல் அன்று யாரையும் போக விடவில்லை. மறுநாள் காலைவரை அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. யாரும் கிடைக்கவில்லை. இலாகா அவரைக் குற்றம் சொல்லவில்லை. மாற்றல் மட்டும் கொடுத்தது. அதிலிருந்து செட்டை அணைத்தாலும் அவர் காதில் அந்த லாஞ்சின் கால்சைன் நிற்பதில்லை. எஞ்சினில், மழையில், தவளையில் எல்லாம் அதுதான். விளக்கின் முன் உட்காரும் அந்த நாலு மூச்சு நேரம் மட்டும் கேட்காது. அதை ஒரு வருடமாகத் தானே கண்டுபிடித்து, தானே பழக்கிக்கொண்டு, பிழைத்திருந்திருக்கிறார்.

"உன்கிட்ட சொன்னானே, என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

பிஷன்தாஸ் கட்டை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நீ எழுதிடுவேன்னு பயம், பாபு."

அடுத்த கப்பலில் பேச்சிமுத்துவைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு வந்தது. அதில் தவறில்லை. அவருக்கு வைத்தியர் தேவைப்பட்டார். விளக்கே எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை; அவரும் அப்படிச் சொன்னதில்லை. தவறு அவரோடு போன அறிக்கையில் இருந்தது. அதை நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். "முன்னதாகக் காணப்பட்ட அறிகுறிகள்" என்ற தலைப்பில் ஐந்து கொடுத்தேன். தூக்கமின்மை. இல்லாத சத்தம் கேட்பது. இரவில் வெளியே சென்று நிற்பது. உணவில் விருப்பமின்மை. ஐந்தாவதாக: "மாலை வேளையில் தனி அறையில் விளக்கின் முன் அமர்ந்து, சுவரைப் பார்த்து, தனக்குள் முணுமுணுக்கும் பழக்கம்."

ஐந்தும் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் முதல் நான்கும் ஐந்தாவதை நான் நிறுத்திய பிறகே வெளியே தெரிந்தவை. அந்த வரிசையை நான் எழுதவில்லை. எழுதினால் ரோஸ்டரைப் பற்றி எழுத வேண்டும், அவர் கேட்டதையும் நான் மறுத்ததையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டேன். அவரைத் தாங்கிப் பிடித்திருந்த ஒன்றை அவருடைய நோய் என்று பதிவு செய்து கையெழுத்துப் போட்டேன்.

கப்பல் ஏறும் நாளில் அவர் தெளிவாக இருந்தார். டிரங்கைக் கட்டி முடித்து, விளக்கைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார். ஆஸ்பத்திரியில் இதை வைத்திருக்க விடமாட்டார்களாம், நிலையத்திலேயே இருக்கட்டும் என்றார். சாரங்கிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

மாற்று ஆள் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை மூன்று ஸ்கெட்யூலும் நானே. மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் மழை தகரக் கூரையில் விழும்போது என் நிலையத்தின் கால்சைன் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஹெட்போன் மேஜைமேல் இருந்தது. செட் அணைந்திருந்தது. நான் எழுந்து போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தேன். மறுபடியும் கேட்டது. அன்று என் டைரி எனக்கு உதவவில்லை. எழுத எழுதப் பயம் கூடியது. இத்தனை வருடம் பிடிமானம் என்று நான் நினைத்திருந்தது வெறும் கோடு போட்ட தாள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் துணியைப் பிரித்து அந்த விளக்கை எடுத்தேன். ஆனால் பொழுது சாயும் நேரம் ஐந்து, ஸ்கெட்யூலும் ஐந்து. அன்று காலையிலேயே கண்ட்ரோலுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: ஒரே ஆள் இருப்பதால் மாலை ஸ்கெட்யூலை ஐந்தரைக்கு மாற்ற முடியுமா? மத்தியானமே பதில் வந்துவிட்டது. "சரி. இன்று முதல்."

அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை, விளக்கம் கேட்கவில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். புரட்டாசியில் பேச்சிமுத்து கேட்டபோது நான் அனுப்பியிருக்க வேண்டிய மெசேஜ் அது. அவருக்காகக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வேண்டியபோது ஒரு நாளில் தோன்றிவிட்டது.

அன்று விளக்கேற்றி உட்கார்ந்தேன். முருகன் பெயரைச் சொன்னேன். சுவரைப் பார்த்தேன். மனம் ரோஸ்டரிலும் அறிக்கையிலும் திரிந்தது. எப்போது இருட்டியது என்று தெரியவில்லை. பார்க்கும்போது சுடர் மட்டும் தனியாக நின்றது. தினமும் உட்கார்ந்தேன். கால்சைன் கேட்பது குறைந்தது, பிறகு நின்றது. அதற்குக் காரணம் விளக்கா, மாற்று ஆள் வந்ததா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் இருபது நிமிடம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடம் ஒன்று மனிதனுக்கு வேண்டும் என்பது தெரிந்தது. அங்கே அவன் நம்பும் ஒருவர் உடன் இருந்தால் இன்னும் நல்லது. அவர் சொன்ன அந்தச் சமநிலை மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

அறிக்கையைத் திருத்தி ஒரு கடிதம் எழுதினேன். ஐந்தாவது அறிகுறி அறிகுறி அல்ல, அவருக்கு அது பாதுகாப்பு, அதை நிறுத்தியது நான் என்று. எழுதி டைரிக்குள் வைத்தேன். ஒரு கப்பல் போனது. இன்னொன்று போனது. சொற்களைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து அனுப்பினேன். அதற்குள் அவர் இந்த வேலைக்குத் தகுதியற்றவர் என்று முடிவாகி, மெயின்லேண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோப்பு மூடப்பட்டது என்று பதில் வந்தது. கூடவே, என் முதல் அறிக்கை தெளிவாகவும் முழுமையாகவும் இருந்ததாக ஒரு வரி. அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன பாராட்டு.

பிறகு போர்ட் பிளேருக்கு மாற்றலாகி லம்பா லைன் பக்கம் குடியிருந்தேன். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோது தென்காசி போய் இறங்கி விசாரித்தேன். பேச்சிமுத்து அண்ணனோடு சேர்ந்து வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கிரீஸை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்சம் பருத்திருந்தார். லாங் ஐலண்டில் இப்போது யார், பிஷன்தாஸ் எப்படி இருக்கிறார், சாரங்கின் கை சரியாகிவிட்டதா என்று வரிசையாகக் கேட்டார். கை சரியாகிவிட்டது என்றதும் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நான் துணியில் சுற்றிய விளக்கை எடுத்து வைத்தேன். கப்பலில் வரும்போது ஒத்திகை பார்த்ததை எல்லாம் சொன்னேன்: அறிக்கை, ஐந்தாவது வரி, நான்கு மாதம். ரோஸ்டரையும் சொன்னேன். ஒரே மெசேஜில் மாற்றிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"நீங்க எழுதுனது பொய் இல்லையே சார்" என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு, "இப்போ கேக்கறது இல்லையா?" என்று கேட்டேன். எந்தச் சத்தம் என்று இந்த முறை எனக்குத் தெரியும்.

"எப்பவாது கேக்கும். மழைக்காலத்துல. வந்தா வந்துட்டுப் போட்டும்னு இருக்கேன். சாயங்காலம்னு ஒண்ணு இருக்குல்லா." விளக்கைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி சுற்றி என் பக்கமே தள்ளினார். "வேற வெளக்கு வாங்கிட்டேன் சார். இதை அங்கயே வச்சிக்கிடுங்க. புதுசா வாரவங்க யாருக்காவது வேணும்."

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்தது. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க இரண்டு மூன்று பேர் வந்தார்கள். பேச்சிமுத்து உள்ளே போய் விளக்கை ஏற்றினார். வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். ஒருவர் மணியைக் கையால் பொத்திப் பிடித்தபடி சைக்கிளை நகர்த்தினார். தினமும் இப்படித்தான் போலிருக்கிறது. ஒரு கடைத்தெருவே கேட்காமல் கொடுத்த இருபது நிமிடம் அது. என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்டும் நான் கொடுக்கவில்லை.

"நீங்களும் உக்காருங்க சார்" என்று இடம் விட்டார்.

புதியவர்களே, இன்னொரு ஆள் உங்களோடு தனித் தீவில் இருக்கப் போகிறார். அவர் காலையில் ஜெபம் சொல்வார், ஐந்து வேளை தொழுவார், அல்லது சும்மா கடலைப் பார்த்து உட்காருவார். அது எதற்கு என்று உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. எந்த நேரத்தில் அவருக்கு அது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பிறகு ரோஸ்டர் எழுதுங்கள். கஷ்டம் வந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள், அந்தப் பழக்கத்தோடு அனுப்புங்கள். விளக்கு இப்போது போர்ட் பிளேர் நிலையத்தின் மேற்கு ஜன்னலில் இருக்கிறது. திரி மாற்றியிருக்கிறேன்.

அன்று அந்தக் கடைக்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் சுடர் தெரியவே இல்லை. பின்பு சுவரில் மெல்லிய மஞ்சள். வெளியே தெருவின் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, அதன் பக்கத்தில் வந்து நின்றது. எது எதன் வெளிச்சம் என்று பிரிக்க முடியவில்லை. அவர் மூச்சு எனக்குக் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் டைரிகள் அத்தனையிலும் நேரம் குறிக்காத பதிவு அது ஒன்றுதான்.